ரீசார்ஜ் ஏன் ஏறிக்கொண்டே போகிறது, 5ஜிக்கு மாறலாமா, போனை எப்படி வாங்குவது: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்தில் போன் விற்பனையும் ரீசார்ஜும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. ஒரே கேள்விக்குக் காலையில் ஒருவருக்கும் மாலையில் ஒருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலைகள் 2024 ஜூலை ஏற்றத்தையும் 2025-ல் வந்த மாற்றங்களையும் வைத்துச் சொன்னவை, பணம் கட்டும் முன் ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தொகை மாறினாலும் கணக்குப் போடும் விதம் மாறாது: மொத்த விலையை நாளால் வகுங்கள், அப்புறம் அந்த போன் அதில் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள்.

2024-ல் எவ்வளவுதான் ஏற்றினார்கள்?

ஜியோவும் ஏர்டெல்லும் ஜூலை 3, வோடஃபோன் ஐடியா ஜூலை 4. ஜியோவில் தினம் 1.5 ஜிபி, 28 நாள் பேக் 239-லிருந்து 299 ஆனது, அதாவது நூற்றுக்கு 25. அதே 1.5 ஜிபி 84 நாளுக்கு 666 இருந்தது 799. ஏர்டெல்லில் அடிமட்ட 28 நாள் பேக் 179-லிருந்து 199, ஒரு வருஷ பேக் 1799-லிருந்து 1999. வோடஃபோன் ஐடியாவிலும் இந்த இரண்டும் இதே கணக்குதான்.

ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது ரூபாய்தானே ஏறுகிறது, அதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?

அப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதால்தான் தெரிவதில்லை. வெறுமனே சிம்மை உயிரோடு வைத்திருக்க ஆகிற செலவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2018 கடைசி வரைக்கும் ஒரு சிம்மில் காசே போடாமல் இன்கமிங் வாங்கிக்கொண்டு ஓட்ட முடிந்தது, இரண்டு மூன்று சிம் வைத்திருந்தவர்கள் எல்லாம் அப்படித்தான் ஓட்டினார்கள். அதன் பிறகு 28 நாளுக்கு 35 ரூபாய் கட்டாயம் என்று வந்தது. ஏர்டெல்லில் அந்த அடிமட்டம் 2021 ஜூலையில் 79, அதே வருஷம் நவம்பரில் 99, 2023-ல் 155 (அதுவும் 24 நாளுக்குத்தான்), 2024-ல் 199. நாள் கணக்கில் சொன்னால் ஒன்றேகால் ரூபாயில் தொடங்கி ஏழு ரூபாய்க்கு மேல் வந்து நிற்கிறது. ஐந்து மடங்குக்கும் மேல்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் ஒரு ஜிபி டேட்டாவை மாதம் முழுக்க வைத்து ஓட்டினோம், இன்றைக்கு அது அரை நாளுக்குக் காணாது. டேட்டா அதிகம் பயன்படுத்துகிறவருக்கு லாபம்தான். அடி வாங்கியது பேச மட்டும் போன் வைத்திருக்கிறவர்கள்.

நான் போடுகிற பேக்கின் விலை ஏறவே இல்லை, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிற மாதிரி இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை. விலையைத் தொடாமலே ஏற்றுவதற்கு வழிகள் இருக்கின்றன, போர்டில் எழுதிய விலையை மட்டும் பார்க்கிறவருக்கு அவை கண்ணில் படாது.

முதல் வழி நாளைக் குறைப்பது. மாதம் என்று நாம் நினைத்துக்கொண்டு போடுவது 28 நாள், அதனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். இதற்காகவே ட்ராய் (தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையம்) 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது: ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டியில் ஒரு பேக்காவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற மாதிரி ஒரு பேக்காவது வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்டு வாங்குகிறவர் குறைவு. பி.எஸ்.என்.எல். 2024-ல் விலையை ஏற்றவில்லை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள், ஆனால் அதன் பிறகு அவர்களும் சில பேக்குகளில் விலையை அப்படியே விட்டு நாளைக் குறைத்தார்கள்.

இரண்டாவது வழி கீழ்ப்படியையே எடுத்துவிடுவது. தினம் 1 ஜிபி தந்த 249 ரூபாய் பேக்கை 2025 ஆகஸ்டில் ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஆப்பிலிருந்து எடுத்தன. விலை ஏற்றம் என்று அவர்கள் அறிவிப்பதில்லை. ஆனால் அதுவரை 249 போட்டவர் அடுத்த தடவை 299-க்கு ஏறித்தான் ஆக வேண்டும். எனக்கு இதுதான் அதிகம் எரிச்சல் தருகிறது, ஏனென்றால் கவுன்டரில் நின்று திட்டு வாங்குவது நான்.

அரசாங்கம் ஏன் தடுப்பதில்லை?

ரீசார்ஜ் விலையை ட்ராய் நிர்ணயிப்பதில்லை. நிறுவனங்கள் போட்டி போட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று பல வருஷமாக விட்டுவிட்டார்கள், புது பேக் கொண்டுவந்த பின் ஏழு வேலை நாளுக்குள் தகவல் கொடுத்தால் போதும். பத்துப் பதினைந்து நிறுவனம் இருந்த காலத்தில் அது சரியாக இருந்தது. இப்போது தனியாரில் மூன்று, அரசுடையது ஒன்று.

எங்கள் அம்மா ஊரில் பட்டன் போன் வைத்திருக்கிறார், பேச மட்டும்தான். என்ன போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெங்களூரில் வேலை செய்கிற பையன் அங்கிருந்தே போன்பேயில் அம்மாவுக்கு ரீசார்ஜ் செய்வார். திரையில் முதலில் வருகிற பேக்கைத் தட்டிவிடுவார், ஏர்டெல்லில் அது 349, தினம் 1.5 ஜிபி. அம்மா அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார், கையில் இருப்பது டார்ச் உள்ள பட்டன் போன், அதில் இன்டர்நெட்டே கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 1.5 ஜிபி யாருக்கும் பயன்படாமல் அழிகிறது, மறுநாள் இன்னொரு 1.5 ஜிபி வந்து அதுவும் அழிகிறது. வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை 349, மொத்தம் 4537 ரூபாய்.

2024 டிசம்பர் 23-ஆம் தேதி ட்ராய் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் தர வேண்டும், அப்படிப்பட்ட சிறப்பு பேக்குகளின் வேலிடிட்டி 90 நாளுக்குப் பதில் 365 நாள் வரை இருக்கலாம் என்று சொன்னது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் கொண்டுவந்த விலை இது: ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. எல்லாவற்றிலும் பேச்சு அன்லிமிடெட். அந்த அம்மாவுக்கு 1849 போட்டால் 4537-இல் 2688 ரூபாய் மிச்சம்.

இவை ஆப்பில் முதல் பக்கத்தில் தெரியாது, கீழே தள்ளிக்கொண்டே போய்த் தேட வேண்டும். கடைக்காரரிடம் கேட்டால் "அப்படி ஒன்று இல்லையே" என்று சொல்பவரும் உண்டு. தொகையைச் சொல்லிக் கேளுங்கள். பேங்க் ஓடிபி வருமா என்று கேட்பார்கள்: வரும், உள்ளே வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குத் தடை இல்லை.

அம்மாவிடம் இருப்பது ஜியோ பாரத் பட்டன் போன் என்றால் கணக்கு வேறு. அதற்கென்று தனி பேக் உண்டு, 2023-ல் போன் வந்தபோதே 28 நாளுக்கு 123 என்று வைத்தார்கள். அதைத்தான் போட வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் பழைய சாதாரண பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் வேலை செய்யாது, அதை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் மாதாமாதம் உண்டு.

ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எத்தனை நாளில் நம்பர் போகும்?

கால், எஸ்எம்எஸ், டேட்டா எதுவுமே இல்லாமல் 90 நாள் கிடந்தால் நம்பரை எடுத்துக்கொள்ளலாம். ட்ராயின் 2013 விதிப்படி மெயின் பேலன்சில் 20 ரூபாய் இருந்தால் உடனே எடுக்கக் கூடாது, அந்த இருபதைக் கழித்துக்கொண்டு இன்னொரு 30 நாள் தர வேண்டும். இதை யூடியூபில் "இருபது ரூபாய் போட்டால் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். நம்பர் நிற்கும், அவ்வளவுதான். அவுட்கோயிங் போகாது, வேலிடிட்டி முடிந்த கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நிற்கும்.

எடுத்துக்கொண்ட நம்பர் பிறகு வேறு ஒருவருக்குப் போகும். பேங்கிலும் ஆதாரிலும் அந்த நம்பர் இருந்தால் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். பழைய நம்பரைக் கைவிடுவதென்றால் முதலில் பேங்குக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டு அப்புறம் விடுங்கள்.

5ஜி போன் வாங்கினேன், மேலே 5ஜி என்று காட்டுகிறது. அன்லிமிடெட் என்றார்களே, ஏன் டேட்டா தீர்ந்தது?

5ஜி 2022 அக்டோபரில் வந்தபோது ஜியோவில் 239 அல்லது அதற்கு மேல் எந்த பேக் போட்டாலும் 5ஜி அன்லிமிடெட் என்று கொடுத்துப் பழக்கினார்கள். 2024 ஜூலையில் விலையோடு சேர்த்து இந்த விதியையும் மாற்றிவிட்டார்கள்: ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பேக்குக்குத்தான் அன்லிமிடெட். நீங்கள் போட்டிருப்பது 1.5 ஜிபி என்றால் 5ஜி போனும் 5ஜி டவரும் இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது.

இருக்கிற பேக்கின் மேல் சேர்த்துப் போடுகிற பேக்கும் விற்றார்கள், 51, 101, 151 ரூபாய்க்கு. ஒரு மாத பேக் உள்ளவர் 51 சேர்த்தால் அன்லிமிடெட் 5ஜி, இரண்டு மாதத்துக்கு 101, மூன்று மாதத்துக்கு 151. இப்போது கூட்டிப் பாருங்கள். ஜியோவில் 299-உம் 51-உம் 350. நேராக 2 ஜிபி பேக்கே 349. மூன்று மாதத்துக்கு 799-உம் 151-உம் சேர்ந்தால் 950, ஆனால் 84 நாளுக்கு 2 ஜிபி பேக் 859. தொண்ணூற்றொரு ரூபாய் சும்மா போகிறது. நடுவில் தேவைப்பட்டால் 51 போடுங்கள், புதிதாக ரீசார்ஜ் செய்யும்போது போடாதீர்கள்.

28 நாளுக்கு 349 என்றால் நாளுக்குப் பன்னிரண்டரை ரூபாய். 84 நாளுக்கு 859 என்றால் பத்தே கால். மூன்று 349 போட்டால் 1047, ஒன்றாகப் போட்டால் 188 மிச்சம். கையில் காசு இருக்கிற மாதம் 84 நாளாகப் போட்டுவிடுவது நல்லது. வீட்டில் வைஃபை இருந்தால் 5ஜி அன்லிமிடெட்டுக்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

5ஜிக்கு சிம் மாற்ற வேண்டுமா? அப்படி ஒரு போன் வந்தது.

ஜியோ, ஏர்டெல் 4ஜி சிம்மிலேயே 5ஜி எடுக்கும். சிம்மை மாற்ற வேண்டாம். "5ஜிக்கு அப்கிரேட் செய்கிறோம், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று கூப்பிட்டால் அது உங்கள் நம்பரைத் திருட வருகிற ஆள், பேசாமல் கட் செய்யுங்கள்.

தொலைந்தோ உடைந்தோ உண்மையாகவே சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. திருட்டைத் தடுக்க 2022-ல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு அது. அன்றைக்கு பேங்க் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஊரில் 5ஜி எடுக்குமா?

ஊருக்கு ஊர் மாறும். நெடுஞ்சாலை ஓரத்திலும் டவுனிலும் பிரச்சினை குறைவு. அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை மாதிரி இடங்களில் காடும் பள்ளமும்தான் சிக்னலைத் தீர்மானிக்கும். 5ஜிக்கு அதிகம் பயன்படுகிற 3500 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தூரம் போகாது, சுவரையும் மேட்டையும் தாண்டத் திணறும். 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், அது ஜியோவிடம் இருக்கிறது.

போனிலும் ஒரு விஷயம் உண்டு. ஜியோவின் 5ஜி தனித்து இயங்குகிற வகை. ஏர்டெல் 4ஜியின் மேல் ஏற்றி ஓட்டும் வகையில் தொடங்கியது. 5ஜி வந்த புதிதில் விற்ற சில விலை குறைந்த போன்களில் முதல் வகைக்கான வசதி அப்டேட் போட்ட பிறகுதான் வந்தது. மேலே 5ஜி வரவில்லை என்றால் முதலில் சாஃப்ட்வேர் அப்டேட் பாருங்கள். நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்தில் கவரேஜ் வரைபடம் போட வேண்டும் என்று ட்ராய் விதி இருக்கிறது, அதைப் பார்க்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி உங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று ஒரு கால் பேசிப் பார்ப்பதை விட நம்பகமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

வோடஃபோன் ஐடியா 5ஜியை 2025 மார்ச்சில் மும்பையில்தான் தொடங்கியது, அதற்குப் பிறகு நகரம் நகரமாகத் திறந்துகொண்டு போகிறது.

ஓசூரில் இருக்கிறேன், நம்பர் கர்நாடகா நம்பர். ரோமிங் கட்டணம் வருமா? மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அன்லிமிடெட் பேக்குகளில் நாடு முழுக்க ரோமிங் சேர்ந்தே இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டும்போது "கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம்" என்று எஸ்எம்எஸ் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. எல்லையோரத்தில் வீட்டில் இருக்கும்போதே போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும், அதற்கும் காசு இல்லை. அப்படியும் தமிழ்நாட்டுக்கு மாற்ற ஆசைப்பட்டால், 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போர்ட் செய்ய (நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற) முடியும்.

போர்ட் செய்வது எப்படி? செய்யலாமா?

பத்து இலக்க நம்பரை, முன்னால் போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு, 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு (கோடு) வரும். நான்கு நாள்தான் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போங்கள். கட்டணம் 6 ரூபாய் 46 பைசா, அதையும் பல கடைகள் வாங்குவதில்லை. தமிழ்நாட்டுக்குள் மூன்று வேலை நாள், வேறு மாநிலம் என்றால் ஐந்து.

இப்போதிருக்கிற நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. 2024 ஜூலை 1-லிருந்து ஒன்று கூடியிருக்கிறது: சிம்மை மாற்றி ஏழு நாள் ஆகாமல் கோடு வராது. எந்த பேக் போட்டிருந்தாலும், அதில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும், 1900-க்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டிருக்கிறது, அதனால் "போர்ட் செய்யவே முதலில் பெரிய பேக் போடுங்கள்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மிச்சமிருக்கிற வேலிடிட்டியும் பேலன்சும் கூட வராது. அதனால் பேக் முடியப்போகிற வாரத்தில் தொடங்குவது நல்லது. கோடு வராமல் தவித்த காலம் நம் ஆட்களுக்குத் தெரியும்: 2018 பிப்ரவரி, மார்ச்சில் ஏர்செல் திவாலாகி டவர்கள் அணைந்தபோது, தமிழ்நாட்டில் பாதி வீட்டில் அந்த சிம்தான், கோடு வாங்க மொட்டை மாடிக்கும் பக்கத்து ஊருக்கும் சிக்னல் தேடி அலைந்தார்கள்.

செய்யலாமா என்றால், விலைக்காக மட்டும் செய்யாதீர்கள். மூன்று தனியாரின் விலையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது. சிக்னலுக்காகச் செய்யலாம். போர்ட் செய்து கொடுத்தால் கடைக்காரருக்கு நிறுவனம் காசு தருகிறது, எனக்கும்தான். யாராவது ரொம்ப அக்கறையாக போர்ட் செய்யச் சொன்னால் அதையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.

பி.எஸ்.என்.எல்.-க்குப் போகலாமா?

2024 ஏற்றத்துக்குப் பிறகு நிறையப் பேர் போனார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். அப்போது 4ஜி பல இடத்தில் இல்லை. 2025 செப்டம்பர் 27-ல் நாடு முழுக்க சுமார் 97,500 டவர்களோடு உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியைத் தொடங்கியிருக்கிறார்கள், நிலைமை முன்னை விடப் பரவாயில்லை. உங்கள் வீட்டிலும் நிலத்திலும் எடுக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது சிம்மாக வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், முதல் நம்பரைக் கொண்டுபோய்ச் சோதனை செய்யாதீர்கள். பழைய 2ஜி, 3ஜி சிம் வைத்திருந்தால் 4ஜி சிம் இலவசமாக மாற்றித் தருகிறார்கள்.

பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே போன் கம்பெனியே புது ஐபோன் சும்மா தருகிறதாம். இங்கே ஏன் இல்லை?

சும்மா இல்லை. அங்கே முன்பு இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டால் ஐபோன் 199 டாலருக்குக் கிடைக்கும், மீதி விலையை மாத பில்லுக்குள் மறைத்து வாங்கிக்கொள்வார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த போன். அந்த அப்கிரேட் நாளும் நகர்ந்துகொண்டே இருந்தது: வெரைசன் என்கிற அங்குள்ள போன் நிறுவனத்தில் 20 மாதத்தில் மாற்றலாம் என்றிருந்ததை 2013-ல் 24 மாதம் ஆக்கினார்கள், சில வாரத்திலேயே இன்னொரு நிறுவனமான ஏடி அண்ட் டி-யும் அதையே செய்தது. அதற்கு முந்தின வருஷமே அப்கிரேட் செய்வதற்கென்று வெரைசன் 30 டாலர் தனிக் கட்டணம் வைத்தது, ஏடி அண்ட் டி தன்னுடையதை 18-லிருந்து 36 டாலர் ஆக்கியது. பிறகு டி-மொபைல் 2013-லும், வெரைசன் 2015-லும், ஏடி அண்ட் டி 2016 தொடக்கத்திலும் அந்த ஒப்பந்த முறையையே புது வாடிக்கையாளருக்கு நிறுத்திவிட்டன.

இப்போது நடப்பது தவணை. போன் விலையை 36 மாதமாகப் பிரித்து பில்லில் ஏற்றுவார்கள், அதே அளவு தொகையைத் தள்ளுபடி என்று மாதாமாதம் கழிப்பார்கள். மூன்று வருஷம் அசையாமல் இருந்தால் போன் இலவசம் மாதிரித் தெரியும். நடுவில் கிளம்பினால் மிச்சத் தள்ளுபடி போய்விடும், போனின் பாக்கி விலை உங்கள் தலையில்.

இங்கே போன் தனி, சிம் தனி. காசு கொடுத்து வாங்கிய போனில் எந்த சிம்மையும் போடலாம், பிடிக்காவிட்டால் இன்றைக்கே மாற்றலாம். எனக்கு இதுதான் மேல் என்று படுகிறது, விலை பெரிதாகத் தெரிந்தாலும்.

அப்புறம் ஒன்று. அந்தப் பெண் உங்களுக்கு அங்கிருந்து போன் கொண்டுவந்தால் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். தவணை முடிந்து லாக் எடுத்ததா? ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்ப் பார்த்தால் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே எந்த சிம்மும் எடுக்காது. இரண்டாவது, ஐபோன் 14-லிருந்து அமெரிக்க மாடலில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இவ்வளவுக்கும் ஐபோனின் பாகம் செய்கிற டாடா தொழிற்சாலை நம் ஓசூர்ப் பக்கம்தான் இருக்கிறது.

இங்கே நிறுவனங்கள் போன் கொடுத்ததே இல்லையா?

கொடுத்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு இருந்தது. 2017-ல் ஜியோபோன்: 1500 ரூபாய் டெபாசிட், மூன்று வருஷம் கழித்துத் திருப்பித் தருவோம் என்றார்கள், ஜியோ சிம் மட்டும்தான் போகும். 2021 தீபாவளிக்கு ஜியோபோன் நெக்ஸ்ட், 6499 ரூபாய், தவணையிலும் கிடைத்தது. அதே சமயம் ஏர்டெல் சொன்னது: 12,000 ரூபாய்க்குள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி, 36 மாதம் விடாமல் 249-க்குக் குறையாமல் ரீசார்ஜ் செய்தால் 6000 ரூபாய் கேஷ்பேக். 18 மாதத்தில் 2000, 36 முடிந்ததும் 4000. மூன்று வருஷம் ஒரு தடவை கூடத் தவறாமல் ரீசார்ஜ் செய்கிற வீடு நம் பக்கத்தில் எத்தனை?

ஈ.எம்.ஐ.-யில் போன் வாங்கலாமா? வட்டியே இல்லை என்கிறார்கள்.

வட்டி இல்லாத கடன் கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013-ல் பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லை என்று வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. எங்கே ஒளிந்திருக்கும் என்றால், 18,000 ரூபாய் போனுக்கு ரொக்கம் கொடுத்தால் 1500 குறைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம், தவணைக்கு அந்தக் குறைப்பு இல்லை, அதுதான் வட்டி. மேலே செயலாக்கக் கட்டணம், இன்சூரன்ஸ், ஸ்கிரீன் பாதுகாப்பு என்று கேட்காமலே சேர்ப்பது. ரொக்கம் என்றால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். தவணையை அப்புறம் பேசுங்கள்.

2024 அக்டோபர் 1-லிருந்து கடன் கொடுக்கிறவர் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த வருஷ வட்டியோடு ஒரு விவரத் தாள் தர வேண்டும். கேளுங்கள், படியுங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாங்காய், தக்காளிக் காசை நம்பித் தவணை போடுகிறவர்கள் கட்டும் தேதியை அறுவடைக்கு ஏற்ற மாதிரி வைக்க முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள், ராயக்கோட்டையில் தக்காளி விலை விழுகிற வாரத்திலும் ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதிதான்.

பழைய போன் வாங்கலாமா?

வாங்கலாம். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அடித்தால் ஐ.எம்.இ.ஐ. நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வரும். அதை ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும் விட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் எது, தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையத்தளத்திலும் பார்க்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதும் அங்கே தெரியும், பார்த்துவிடுங்கள், ஒருவருக்கு ஒன்பதுக்கு மேல் கூடாது.

போஸ்ட்பெய்டு மலிவா?

விளம்பரத்தில் போடுகிற தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். 449 என்றால் கையிலிருந்து போவது 530. ப்ரீபெய்டில் வரி விலைக்குள்ளேயே இருக்கிறது. மூன்று நான்கு பேர் ஒரே பில்லில் சேரும் குடும்பம் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், தனி ஆளுக்கு வேண்டாம்.

சிக்னலே இல்லாமல் நாள் கணக்கில் போனது, காசு திரும்ப வருமா?

வரும், பெரிய கோளாறு என்றால். 2024-ல் ட்ராய் கொண்டுவந்த சேவைத் தர விதிகள்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் போஸ்ட்பெய்டுக்கு அந்த நாள்களின் வாடகையைக் கழிக்க வேண்டும், ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டியை நீட்ட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி நேரத்துக்கான விதி அது. உங்கள் வீட்டு மூலையில் மட்டும் எடுக்கவில்லை என்றால் இதில் வராது.

மற்ற புகாருக்கு 198-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், எண் இல்லாமல் வைக்காதீர்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. அங்கும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். போன் நிறுவனத்தின் மேல் அங்கே வழக்குப் போட முடியாது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போடலாம் என்று சொல்லிவிட்டது. ட்ராய்க்கு எழுதிப் பயனில்லை, தனி ஆள் புகாரை அவர்கள் எடுப்பதில்லை.

ஒரு வருஷத்துக்கு மொத்தமாகப் போட்டுவிடலாமா?

விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் லாபம். 2024-ல் ஜூன் 27, 28 தேதிகளில் அறிவித்துவிட்டு ஜூலை 3, 4-ல்தான் ஏற்றினார்கள், நடுவில் இருந்த சில நாளில் பழைய விலைக்குப் போட்டவர்களுக்குப் பேக் முடியும் வரை எந்த மாற்றமும் இல்லை. அந்த வாரம் என் கடையில் சாப்பிட நேரமில்லை. ஆனால் வருஷ பேக் போட்ட பிறகு ஊர் மாறி, புது இடத்தில் அந்த டவர் எடுக்காவிட்டால், போர்ட் செய்யும்போது மிச்ச மாதம் முழுக்க வீண். மாற்றலாகிப் போகிற வேலையில் இருப்பவர்கள், ஓசூர் கம்பெனிகளுக்கு விடுதியில் தங்கி வந்து போகிற பிள்ளைகள் 84 நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊரிலேயே இருக்கிற அப்பா அம்மாவுக்கு வருஷ பேக் போட்டுவிட்டு, முடிகிற தேதியை அவர்கள் போனின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.